புகை வராத புகைபோக்கி

அடுப்பு வாங்கப் போன அன்று, கடைக்குள் வாயைத் திறக்கக் கூடாது என்று கார்லீன் வண்டியிலேயே டாரலிடம் சொல்லி வைத்தாள். சொன்னால் கேட்கிற ஆளா அவன்? உள்ளே கால் வைத்ததும் நேராகப் போய் இருப்பதிலேயே பெரிய அடுப்பின் கதவைத் திறந்தான். தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, இதில் ஒரு முழு மரத்தையே திணிக்கலாம் போலிருக்கிறதே என்று வாயெல்லாம் பல்லாக நின்றான். பெண்டாட்டி பார்த்த பார்வையில் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டான்.

அடுப்பு என்றால் சோறு வடிக்கிற அடுப்பு இல்லை. வீட்டைச் சூடாக வைத்திருக்கிற இரும்பு அடுப்பு. ஃபேர்பேங்க்ஸ் பக்கத்தில் அது அணைந்தால் முதலில் தண்ணீர்க் குழாய் வெடிக்கும், பிறகு மனுஷன் விறைப்பான். அலாஸ்காவில் எல்லாக் குளிரும் குளிர்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடலோரத்துக் குளிர் வேறு, இந்த ஆற்றுப் பள்ளத்துக் குளிர் வேறு. இங்கே காற்று என்பதே கிடையாது. டிசம்பர் வந்துவிட்டால் மேலே சூடான காற்று மூடி போட்டது போல உட்கார்ந்துகொள்ளும், கீழே ஊர் விடுகிற புகையெல்லாம் ஊர் தலையிலேயே கவிழும். அதனால்தான் இந்தப் பகுதியில் புகைக் கட்டுப்பாடு. ரேடியோவில் தடை என்று சொல்லிவிட்டால், அனுமதி பெற்ற புது அடுப்பு வைத்திருப்பவன் மட்டும்தான் தீ மூட்டலாம். மற்றவன் எண்ணெய் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

கார்லீனுக்குச் சட்டம் பெரிதில்லை. அவளுக்கு ஐவிதான் பெரிது. ஆறு வயதுப் பெண். போன குளிர்காலத்தில் மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்து இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: இன்னொரு குளிர்காலம் இப்படிப் போனால் பிள்ளையை இந்த ஊரில் வைத்துக்கொள்ள முடியாது. அரிசோனாவில் கார்லீனின் அக்கா இருக்கிறாள், வா வா என்று கூப்பிட்டுக்கொண்டும் இருக்கிறாள். ஆனால் டாரலின் பிழைப்பு வடக்கே எண்ணெய் வயலில். இரண்டு வாரம் அங்கே வேலை, இரண்டு வாரம் வீடு. அரிசோனாவுக்குப் போவதென்றால் அவனை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவன் தன் கையால் கட்டிய வீட்டையும்தான். ஆகையால் அந்த அடுப்பை நம்பித்தான் அந்தக் குடும்பமே இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

கடைக்கார அம்மாள் கெட்டிக்காரி. விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், வீட்டில் யார் விறகு போடுவது என்று கேட்டாள்.

"நான்தான்" என்றான் டாரல்.

"மாசத்துல பாதி நாள் நீ எங்க இருக்க?" என்றாள் கார்லீன். "நான்தாங்க போடறேன். என்கிட்டயே சொல்லுங்க."

மூன்று வகை காட்டினாள் அந்த அம்மாள். ஒன்று, மரத்தூளை அழுத்திச் செய்த வில்லைகளை எரிப்பது. புகை என்பதே தெரியாது, தானே வில்லையைத் தள்ளித் தானே எரித்துக்கொள்ளும். ஆனால் மின்சாரம் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. உச்சக் குளிரில் கரண்ட் போன வருஷத்தை டாரல் நினைவுபடுத்தினான். அதில் நியாயம் இருந்ததால் கார்லீன் ஒத்துக்கொண்டாள். மீதி இரண்டும் விறகு அடுப்பு. ஒன்றில் புகை போகிற வழியில் தேன்கூடு மாதிரி ஒரு சல்லடை. அடுப்பு நன்றாகச் சூடேறியதும் புகையை அதன் வழியாகத் திருப்பிவிட்டால் புகையே எரிந்துபோகும், வெளியே கானல்தான் தெரியும். ஆனால் ஈர விறகு ஆகாது, அவசரம் ஆகாது, கதவைத் திறக்கும் முன் மேலே உள்ள தகட்டைத் திறக்க மறந்தால் வீட்டுக்குள்ளேயே புகையைக் கக்கும். இன்னொன்றில் சல்லடை இல்லை. சற்றுப் புகையும், ஆனால் எது செய்தாலும் தாங்கும்.

டாரலுக்கு அந்தத் தாங்கும் அடுப்புதான் பிடித்தது. தப்புத்தண்டா செய்தாலும் மன்னித்துவிடும் என்றாள் கடைக்கார அம்மாளும்.

"எனக்கு மன்னிக்கிற அடுப்பு வேண்டாம்" என்றாள் கார்லீன். "அதுக்குப் பதிலா எம் பொண்ணு நெஞ்சுதான் வாங்கிக் கட்டிக்குது. அந்தச் சல்லடை வெச்சதையே குடுங்க. நான் கத்துக்கறேன்."

கற்றுக்கொள்ளவும் செய்தாள். கோடை முழுக்க அவளுக்கு விறகுதான் வேலை. இரண்டு வருஷம் காய்ந்த பிர்ச் மரமாகத் தேடி வாங்கினாள். பிளந்து அடுக்கினாள், மேலே தகரம் போட்டாள், பக்கவாட்டில் காற்று வர இடம் விட்டாள். ஈரம் பார்க்கிற ஊசிக் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு கட்டை கட்டையாகக் குத்திப் பார்த்தாள். விறகுக்கெல்லாம் ஜுரம் பார்க்கிறாள் என் பெண்டாட்டி என்று டாரல் ஊர் பூராவும் சொல்லிச் சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

புது அடுப்புக்கு ஊர் நிர்வாகமே பாதிக்கு மேல் உதவி செய்தது. அதற்கு ஒரே நிபந்தனை, பழைய அடுப்பைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் அதை நொறுக்கிவிடுவார்கள். இன்னொரு வீட்டில் போய் அது மறுபடி புகையக் கூடாது, அதற்காக. டாரல் வீடு கட்டின வருஷத்தில் வாங்கிய அடுப்பு அது. ஒருமுறை கதவுக் கைப்பிடி உடைந்து போனபோது ஒரு பழைய ஸ்பேனரை வளைத்துப் பற்றவைத்து மாட்டியிருந்தான். கார்லீன் கால்நடை ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். செப்டம்பரில் ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் கூடத்தில் புது அடுப்பு பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பழசு எங்கே என்றாள். போச்சு என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை.

அக்டோபர், நவம்பர் இரண்டும் பொன்னான மாதங்கள். முதல் பனியில் ஐவி ஓடினாள், விழுந்தாள், புரண்டாள், ஒரு இருமல் இல்லை. கார்லீனுக்குத் தலைகால் புரியவில்லை. வேலை செய்யும் இடத்தில் நாய்க்கு ஊசி போட வந்தவர்களைக்கூட விடாமல் அடுப்பு மகாத்மியம் பாடினாள்.

டிசம்பர் வந்தது. காற்று நின்றது. பிள்ளை இருமினாள்.

முதலில் லேசாகத்தான். பிறகு இன்ஹேலர். பிறகு நெபுலைசர்.  தப்பு தன்னுடையதுதான் என்று கார்லீன் நினைத்தாள். சல்லடை சூடேறும் முன்பே திருப்பிவிட்டேனோ, தகட்டை மறந்தேனோ, அடுக்கின் அடியில் ஈரக்கட்டை இருந்ததோ என்று குடைந்து குடைந்து பார்த்தாள். கடைக்கார அம்மாளை வரவழைத்தாள். அந்த அம்மாள் சல்லடையைப் பார்த்தாள், புகைபோக்கியில் கையை விட்டுப் பார்த்தாள், இதைவிடச் சுத்தமாக யாராலும் எரிக்க முடியாதம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படியானால் புகை எங்கிருந்து வருகிறது? பள்ளம் முழுக்கத்தான் நாறுகிறது, யாரென்று சொல்வது? வேலைக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. மைனஸ் நாற்பதில் ஓடுகிற வண்டி, மூச்சு விடுகிற நாய், எண்ணெய் ஹீட்டர் எல்லாமே வெள்ளை வெள்ளையாகத்தான் விடும். எது ஆவி, எது புகை என்று எவன் கண்டான்?

டாரல் வடக்கே இருந்த வாரம். இரவு பனி பெய்தால் காலையில் கார்லீன் எழுந்து பார்ப்பதற்குள் வாசல் பாதை சுத்தமாக இருக்கும். பக்கத்து வீட்டு ஆர்வில் செய்கிற வேலை. எழுபதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை, ரயில்வேயில் மெக்கானிக்காக இருந்தவர். நாலு ஸ்ப்ரூஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. போன வருஷம் ஐவிக்கு உதடு நீலம் பாரித்த அன்று டாரல் ஊரில் இல்லை, கார்லீனின் வண்டி உறைந்துபோய்க் கிளம்ப மாட்டேன் என்றது. ஆர்வில்தான் தன் பிக்கப்பில் பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். நன்றி என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருவர் வீட்டில் ஒரு வாய் காபி குடித்தவரில்லை.

விடுமுறை நாள் ஒன்றில் கார்லீன் இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டாள். சூடு ஆறுவதற்குள் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு ஆர்வில் வீட்டுக்குப் போனாள். நடுப்பகல், கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கதவைத் திறந்தவர் முகமெல்லாம் மலர்ந்து, அதிசயமாக உள்ளே வரச் சொன்னார்.

உள்ளே அவளுடைய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அதே ஸ்பேனர் கைப்பிடி. பக்கத்தில் ஈர ஸ்ப்ரூஸ் கட்டை, பட்டைகூட உரிக்காமல், மலையாகக் குவிந்து கிடந்தது. அடுப்பு புசுபுசுவென்று சீறிக்கொண்டிருந்தது. ஈர விறகு சீறுகிற சத்தம் அவளுக்குத் தெரியும். கார்லீன் தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"டாரல் உன்கிட்ட சொல்லலையா?" என்றார் ஆர்வில். "நல்ல இரும்பு, உடைக்க மனசு வரலைன்னு கொண்டாந்து அவனே மாட்டிக் குடுத்துட்டுப் போனாம்மா. எண்ணெய் வாங்கி எனக்குக் கட்டுப்படி ஆகலை. இப்பத்தான் வீட்டுக்குள்ள சட்டையோட உக்கார முடியுது. உம் புருஷன் தங்கமான பையன்."

தங்கமான பையன் என்று அவர் சொன்னபோது கார்லீனுக்கு அழுகை வந்ததா, ஆத்திரம் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. ரொட்டியை மேஜையில் வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லித் திரும்பினாள். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். ஆர்வில் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து பழுப்பாக ஒன்று எழுந்து, மேலே போக வழி தெரியாமல் மடங்கி, மரங்களின் ஊடாகத் தவழ்ந்து அவள் வீட்டுக் கூரைமேல் போய்ப் படுத்துக்கொண்டது. ஐவி படுக்கிற அறை அந்தப் பக்கம்தான்.

போனில் இதைப் பேச வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். டாரல் வந்து பெட்டியை இறக்கி, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சி, ஐவி தூங்கப் போகும்வரை கார்லீன் பொறுத்தாள். பிறகு கேட்டாள்.

அவன் மழுப்பவில்லை. அதுவரைக்கும் பரவாயில்லை. மாமாவின் வேட்டைக் குடிசையில் கதவு கழன்று துருப்பிடித்துக் கிடந்த அடுப்பைத்தான் கொண்டுபோய் ஒப்படைத்தானாம். நம்முடையது இன்னும் இருபது வருஷம் உழைக்கும், அதைப் போய் நொறுக்குவதா, அக்கிரமம் இல்லையா என்றான். இந்தப் பக்கத்து ஆண்களே அப்படித்தான். உயிர் இருக்கிற ஒரு பொருளை எறிய மாட்டார்கள், இல்லாதவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. பழைய டயர், பழைய படகு, பழைய அடுப்பு, எல்லாம் வீடு மாறிக்கொண்டே இருக்கும். நல்ல குணம்தான். இந்தப் பாழும் நல்ல குணத்தில்தான் குடி மூழ்கியது.

"அந்த மனுஷன் கோட்டு போட்டுக்கிட்டுச் சாப்பிட்டுட்டு இருந்தாரு ரோ" என்றான் டாரல். கொஞ்சும்போது அவளை ரோ என்றுதான் கூப்பிடுவான், அவளுடைய நடுப்பெயர் ரோவீனா. "ஐவிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன மனுஷன்."

"என்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னா நீ கூடாதுன்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன். ஏன்னா அதோட புகை எங்க போகும்னு நான் யோசிச்சிருப்பேன். நான் கோடை பூரா ஊசியால விறகைக் குத்திக்கிட்டுக் கெடந்தது எதுக்கு டாரல்? நீ சிரிச்சியே. நம்ம அடுப்பை அவர் வீட்டுல வெச்சு நம்ம புள்ளைக்கே புகை போட்டிருக்க."

டாரல் தலையைக் குனிந்துகொண்டான். போய் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வா என்றாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வாய் வராது என்றான். வசந்தம் வரட்டும், வேறு ஏதாவது வழி பண்ணுகிறேன் என்றான். அந்த வாரக் கடைசியிலேயே ஐவிக்கு மூச்சு முட்டியது. இந்தத் தடவை டாரலே தூக்கிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் பிள்ளை முகத்தில் மூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். அவளுடைய சின்ன விலா எலும்பெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்க்க முடியாமல் அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். அழுதானே தவிர, வீட்டுக்கு வந்த பிறகும் ஆர்வில் வீட்டுப் பக்கம் போகவில்லை. போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, நாள் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே விமானம் ஏறிவிட்டான். கோழை என்று கார்லீன் அவனை மனதுக்குள் திட்டினாள். திட்டினால் ஆகிவிட்டதா? ஊர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் போதும், ஆர்வில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அவருக்கு அபராதமும் போடுவார்கள், டாரலின் திருட்டுத்தனமும் வெளியே வரும். அப்படிக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் அவளேதான் போனாள்.

ஆர்வில் அன்றும் சந்தோஷமாக வரவேற்றார். ரொட்டித் தட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். கார்லீன் உட்காராமலே சொன்னாள். இந்தப் புகை எங்கள் கூரைக்குத்தான் வருகிறது, ஐவிக்குத்தான் சேரவில்லை, போன வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம் என்று சொல்லி முடித்தாள்.  அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதேம்மா" என்றார். "புள்ள இருமறது கேக்கும். ஏதோ ஜலதோஷம்னு நெனச்சேன்."

எழுந்து போய் அடுப்பின் காற்று வழியை மூடினார். அப்புறம் ஏதோ தோன்றி, கதவைத் திறந்து எரிகிற கட்டைகளை இடுக்கியால் பிடித்துச் சாம்பல் வாளியில் போட்டு வெளியே பனியில் கொட்டிவிட்டு வந்தார்.

"டேங்க்குல எண்ணெய் கெடக்கு. நான் அதுல ஓட்டிக்கறேன். நீ போய்ப் புள்ளையப் பாரு."

எவ்வளவு கிடக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, கேட்கவில்லை. வெளியே வரும்போது வீட்டுச் சுவரை ஒட்டி நின்ற எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தாள். அதன் மூடிமேல் இந்த வருஷத்துப் பனி முழுவதும் கலையாமல் உட்கார்ந்திருந்தது. எண்ணெய் வண்டிக்காரன் அதைத் தொட்டே பல மாதம் இருக்கும். பனி விழுவதற்கு முன்னாலேயே நிரப்பி வைத்திருப்பார் என்று கார்லீன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்று ராத்திரி ஐவி நன்றாகத் தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். நெபுலைசரை எடுத்து அலமாரிக்குள் வைக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். கார்லீன் அக்காவுக்குப் போன் போட்டு, அரிசோனா பேச்சை இனி எடுக்காதே என்றாள். டாரல் வடக்கிலிருந்து கூப்பிட்டபோது கோபத்தைக்கூட மறந்து பிள்ளையைப் பேசவைத்தாள். அவன் ஆர்வில் எப்படி இருக்கிறார் என்று கேட்டான். எண்ணெய் இருக்கிறதாம் என்றாள். எவ்வளவு என்று அவனும் கேட்கவில்லை. சரி என்றான்.

குளிர் இன்னும் இறங்கியது. மைனஸ் நாற்பதைத் தாண்டியது. பள்ளிக்கூடம் அதற்கெல்லாம் மூடுவதில்லை, ஐவி மூட்டையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு இடையே ஆர்வில் வீட்டுப் புகைபோக்கி தெரியும். முன்பு தெரியாதது இப்போது கண்ணில் குத்துகிற மாதிரி தெரிந்தது. அதிலிருந்து புகை வரவில்லை. ஆவியும் வரவில்லை. எண்ணெய் ஹீட்டர் ஓடினால் இந்தக் குளிரில் பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளையாக வர வேண்டும். விட்டு விட்டு ஓடும், நான் பார்க்கிற நேரத்தில் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். அப்போதும் வரவில்லை. பார்த்துவிட்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். இதை மறைத்துச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அவள் பார்த்தாள், புரிந்துகொண்டாள், திரையை இழுத்துவிட்டாள். உள்ளே பிள்ளை இருமாமல் படம் வரைந்துகொண்டிருந்தது. பெற்றவள் மனசு அந்த நேரத்தில் வேறு எதையும் எண்ண மறுத்தது.

ஒரு இரவு பனி பெய்தது. காலையில் ஐவியை பஸ் ஏற்றக் கதவைத் திறந்தால் வாசல் பாதையில் முழங்கால் அளவு பனி அப்படியே கிடந்தது. கார்லீன் ஆர்வில் வீட்டுப் பக்கம் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினாள். வேலைக்கு வரவில்லை என்று போன் போட்டாள். பொழுது புலரும்வரைகூடக் காத்திருக்கவில்லை, பனியை உழுதுகொண்டே ஆர்வில் வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் தட்டினாள், பதில் இல்லை. தள்ளினாள். கதவின் உட்புறமெல்லாம் உறைபனி பூத்திருந்தது. வீட்டுக்குள் அவள் விட்ட மூச்சு வெள்ளையாகப் போயிற்று. சமையலறைத் தொட்டியில் தண்ணீர் உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. கூடத்துச் சோபாவில் தூங்கும் பை, அதன்மேல் இரண்டு கோட்டு, கால்மாட்டில் ஒரு கம்பளம், மேலே காது மூடிய தொப்பி. அதற்குள் ஆர்வில்.

கையுறையைக் கழற்றிக் கன்னத்தைத் தொட்டாள். மெழுகு மாதிரி இருந்தது. உலுக்கினாள், பேர் சொல்லிக் கத்தினாள். மெதுவாகக் கண்ணைத் திறந்தார். அவளை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாக்கு புரளவில்லை.

"ஐவிக்கு... எப்படி இருக்கு?"

 திட்டியிருக்கலாம் இந்த மனுஷன். இப்படிப் பண்ணிவிட்டாயே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"நல்லா இருக்கா."

"ராத்திரி... தூங்கறாளா?"

"தூங்கறா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். பாதை தெரியாத அளவுக்கு மூடுபனி, எல்லா வண்டியும் வெளியே இருக்கிறது, நேரமாகும் என்றார்கள். ஆளை அசைக்காதே, தேய்க்காதே, முதலில் அறையைச் சூடாக்கு என்றார்கள். அவளால் அவரைத் தூக்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அசைத்தால் இதயம் நின்றுவிடும் என்று போனில் பேசிய பெண் கண்டிப்பாகச் சொன்னாள். ஹீட்டரின் பொத்தானை அழுத்தினாள். ஒரு முனகல்கூட இல்லை.

சூடாக்க அந்த அறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காய்ந்த விறகு அவள் வீட்டில், நாலு மரத்துக்கு அந்தப் பக்கம், முழங்கால் பனிக்கு அந்தப் பக்கம். அவர் மூச்சு விடுகிறாரா என்று ஒரு தடவை காதை வைத்துக் கேட்டாள். விட்டுவிட்டுப் போகத் துணியவில்லை. மண்டியிட்டாள். செய்தித்தாளைக் கசக்கிப் போட்டாள், நாற்காலிமேல் கிடந்த மரப்பெட்டியை மிதித்து உடைத்துச் சிராயாக்கினாள், ஈர ஸ்ப்ரூஸ் கட்டையை அதன்மேல் அடுக்கினாள். முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவது பற்றியது. பட்டை சீறியது, கறுப்பாகப் புகைந்தது, கண்ணில் நீர் வந்தது. முகத்தைத் துடைக்காமல் ஊதினாள். பிடித்துக்கொண்டது.

இரும்பு படபடவென்று சூடேறத் தொடங்கியது. அவர் அசையாதபடி சோபாவை அங்குலம் அங்குலமாக அடுப்பருகே நகர்த்தினாள். தன் கோட்டையும் கழற்றி அவர்மேல் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் நடுங்க ஆரம்பித்தார். நடுங்கினால் நல்லது என்று போனில் அந்தப் பெண் சொன்னாள்.

வெளியே ஒருவாறு விடிந்திருந்தது. ஜன்னலில் படிந்திருந்த உறைபனியைக் கார்லீன் ஒரு மூலையில் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஆம்புலன்ஸ் வருகிறதா என்று பார்க்கத்தான் சுரண்டினாள். பழுப்புப் புகை மரங்களின் ஊடாக இறங்கிப் போய் அவள் வீட்டுக் கூரைமேல் படிந்துகொண்டிருந்தது. ஐவி திரும்பி வரும்போது வீடு முழுக்க அந்த வாடை இருக்கும். பிள்ளைக்கு என்ன சொல்வது, டாரலுக்கு என்ன சொல்வது, அக்காவுக்கு மறுபடி போன் போட வேண்டியதுதானா என்று ஒவ்வொன்றாக வந்து போயிற்று.

அடுப்பில் தணல் இறங்கியது. கார்லீன் திரும்பி வந்து கதவைத் திறந்து, இருந்ததிலேயே பெரிய கட்டையாகப் பார்த்து எடுத்து உள்ளே வைத்தாள்.